பல நாள் மழை முன்னறிவிப்பை எவ்வளவு நம்பலாம்? உங்கள் முற்றத்திலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

தென்காசி மாவட்டத்தின் செங்கோட்டை, புளியரை, பண்பொழி, வடகரை வட்டாரத்தில் ஆனி, ஆடி மாதங்களில் மேலுரம் போடுவதா, பூச்சி மருந்து தெளிப்பதா, செங்கல் சூளையில் சுடாத பச்சைக்கல்லை விரிப்பதா என்ற முடிவுகள் எல்லாம் வானத்தைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகின்றன. இப்போது வானத்தோடு கைபேசியையும் பார்க்கிறோம். ஏழு நாள், பத்து நாள், சில செயலிகளில் பதினைந்து நாள் வரைக்கும் மழைப் படம் வரிசையாக நிற்கிறது. அவற்றுள் எத்தனையாவது நாள் வரை நம்பி ஒரு வேலையைத் தொடங்கலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். மருந்து தெளித்த அன்றைக்கே மழை வந்து கழுவிக்கொண்டு போன நாள் மனத்தில் நிற்கிறது. சொன்னபடியே வெயிலடித்த நாட்கள் நிற்பதில்லை. ஆகவே நினைவை நம்பாமல் எழுதி வைத்துக் கணக்குப் பார்ப்பது ஒன்றே வழி.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம், கையால் செய்த ஒரு மழைமானி, ஒரு கைபேசி, ஒரு பருவம் முழுவதும் தினமும் ஐந்து நிமிடம் ஆகியவை போதும். முன்னறிவிப்பு எத்தனை முறை பலித்தது என்று எண்ணுவதோடு நிறுத்தினால் பயன் இல்லை. ஒன்றும் தெரியாதவர் சொல்லும் ஊகத்தைவிட அது எவ்வளவு மேல் என்பதை, ஒரு நாள் முன்பு சொன்னதற்கும் ஐந்து நாள் முன்பு சொன்னதற்கும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

"நாளை மழை வருமா?" என்பது சோதிக்கத் தகுந்த கேள்வி அன்று. எவ்வளவு பெய்தால் மழை என்று கொள்வீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளையே மழை நாள் என்று கணக்கிடுகிறது. இந்த அளவுகோல் பெரும்பாலான ஊர்களுக்குப் பொருந்தும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவு கணவாய்க்குக் கிழக்கே இருக்கும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. காலை முதல் மாலை வரை சாரல் விட்டுவிட்டு விழுந்து, தரை காயாமலே கிடந்து, மறுநாள் அளந்தால் 2 மி.மீ.கூடத் தேறாத நாட்கள் இங்கே சாதாரணம். கணக்குப்படி அது மழை நாள் இல்லை. பச்சைக்கல் விரித்தவருக்கோ அது முழு மழை நாள். எனவே இரண்டு எல்லைகளை வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று, அளக்கக்கூடிய அளவுக்கு ஏதேனும் விழுந்ததா என்பது, மற்றது, 2.5 மி.மீ. எட்டியதா என்பது. பருவத்தின் நடுவில் எல்லையை மாற்றக் கூடாது. மாற்றினால் நமக்குப் பிடித்த விடை வரும் வரை மாற்றிக்கொண்டே போவோம்.

மழைமானி

கடையில் விற்கும் மழைமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வாய் விட்டம் 16 செ.மீ. உள்ள ஒரு பிளாஸ்டிக் புனலும், கழுத்து ஒடுங்கிய ஒரு பாட்டிலும் போதும். 16 செ.மீ. விட்டத்துக்கு வாய்ப்பரப்பு ஏறத்தாழ 200 சதுர செ.மீ.; வானிலைத் துறையின் மழைமானிகளில் ஒரு வகைக்கும் இதே பரப்புதான். இந்தப் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் பாட்டிலில் 20 மில்லி தண்ணீர் சேரும். இருமல் மருந்தோடு வரும் 10 மில்லி அளவு மூடியால் இரண்டு மூடி நிரம்பினால் 1 மி.மீ.; ஐந்து மூடி நிரம்பினால் 2.5 மி.மீ., அதாவது மழை நாள். வேறு அளவுப் புனல் என்றால், சேர்ந்த மில்லி அளவைப் புனல் வாயின் பரப்பால் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள், விடை மி.மீ. கணக்கில் வந்துவிடும். புனலின் விட்டத்தை உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளக்க வேண்டும். விளிம்பின் தடிப்பையும் சேர்த்து அளந்தால் பருவம் முழுவதும் கணக்கு குறைவாகவே வரும்.

இடத்தைத் தேர்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மொட்டை மாடி திறந்த இடமாகத் தெரிந்தாலும் அது ஏற்ற இடம் அன்று. கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும்போது மாடியில் காற்றின் வேகம் அதிகம். சாரல் துளிகள் சாய்வாக வந்து புனலுக்கு மேலாகவே பறந்து போய்விடும். தரையில், விளிம்பு தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு வைத்து அசையாமல் நிறுத்துங்கள். தென்னையிலிருந்தும் சுவரிலிருந்தும் அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைப்பது நல்லது. வீட்டை ஒட்டிய தோப்புகளில் இது முழுமையாக அமையாது. கிடைப்பதில் மிகத் திறந்த இடத்தைத் தேர்ந்து, பருவம் முடியும் வரை அங்கிருந்து நகர்த்தாமல் இருங்கள். சிமெண்டுத் தரையில் வைத்தால் தெறிப்பு உள்ளே விழும். மண் அல்லது புல் தரையே ஏற்றது.

தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து, எழுதி, கொட்டிவிடுங்கள். நாடு முழுவதும் வானிலை நிலையங்கள் முந்தைய 24 மணி நேர மழையை அளக்கும் நேரம் அதுதான். நம் கணக்கும் அவர்கள் கணக்கும் ஒத்துப் பார்க்க வசதியாக இருக்கும். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுவது கட்டாயம். வெற்றிடமாக விட்டால், மழை இல்லாத நாளா, பார்க்க மறந்த நாளா என்று பின்னால் தெரியாது. புனல் நனைந்திருக்கிறது, பாட்டிலில் அளக்கும்படி ஒன்றும் இல்லை என்றால் "த" என்று எழுதுங்கள். தடம் என்று பொருள் கொள்ளலாம்.

எந்த முன்னறிவிப்பைச் சோதிப்பது

அதிகம் வேண்டாம், இரண்டு அல்லது மூன்று போதும். என் பரிந்துரை இது: ஊர்ப் பெயரைக் கொடுத்தால் மி.மீ. அளவைச் சொல்லும் ஏதேனும் ஒரு மாடல் கணிப்பு (வளிமண்டலத்தைக் கணினியில் கணக்கிட்டுச் சொல்வது); சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தென்காசி மாவட்டத்துக்குச் சொல்வது; மூன்றாவதாக, கணவாய்க்கு அந்தப் பக்கம் புனலூருக்கோ கொல்லம் மாவட்டத்துக்கோ சொல்லப்படுவது. விண்டி போன்ற செயலிகளில் ஐரோப்பிய மாடல், அமெரிக்க ஜி.எஃப்.எஸ். மாடல் என்று தேர்ந்தெடுக்க முடியும். எந்த மாடல் என்று காட்டாத செயலியைச் சோதித்தால், அது தவறும்போது ஏன் தவறுகிறது என்று அறிய வழியில்லை.

புனலூரைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. மாடல் நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. ஐரோப்பிய மாடலின் கட்டம் சுமார் 9 கி.மீ., ஜி.எஃப்.எஸ். மாடலின் கட்டம் சுமார் 13 கி.மீ. அகலம். அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் மேடும் பள்ளமும் சராசரியாகி ஒரே உயரமாக மாறிவிடும். ஆரியங்காவு போன்ற ஒடுங்கிய கணவாய் அந்தச் சராசரியில் பெரும்பாலும் கரைந்து போகிறது. நமக்குச் சாரல் வருவதே அந்த இடைவெளி வழியாகத்தான். மேற்கே மலைச்சரிவில் ஏறிப் பெய்த மேகத்தின் மிச்சம் காற்றோடு இங்கே இறங்குகிறது. மலைக்கு மேற்கே பெய்வதை மாடல் ஓரளவு சரியாகப் பிடித்து, கிழக்கே வழிந்து விழும் சாரலைக் கோட்டைவிடலாம். அப்படியானால் செங்கோட்டைக்குச் சொல்லும் கணிப்பைவிடப் புனலூருக்குச் சொல்லும் கணிப்பே நமக்குப் பயன்படும். "புனலூர்ல கொட்டுனா இங்க சாரல்" என்று வண்டி ஓட்டுபவர்கள் சொல்வது ஒரு முறையான கருதுகோள்தான். அதையும் ஒரு பத்தியில் எழுதிச் சோதித்துவிடலாம்.

வானிலை மையத்தின் அறிவிப்பைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் நிலையங்களில் கால் பங்குக்குள் மழை என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்பது 26 முதல் 50 சதவீதம், "அநேக இடங்களில்" என்பது 51 முதல் 75 சதவீதம், "பெரும்பாலான இடங்களில்" என்பது அதற்கும் மேல். ஓரிரு இடங்களில் மழை என்று சொல்லி உங்கள் முற்றத்தில் விழாவிட்டால் அறிவிப்பு பொய்த்தது என்று எழுதக் கூடாது. அடவிநயினார் அணைப் பக்கம் பெய்து, சுரண்டையில் வெறும் மேகமும் காற்றுமாக இருந்திருந்தாலும் அது சரியான அறிவிப்பே. ஆகவே இதை ஆம், இல்லை என்ற கணக்கில் போடாமல், ஓரிரு இடங்கள் என்பதை உங்கள் முற்றத்துக்கு ஏறத்தாழ 15 சதவீத வாய்ப்பு என்பது போல எண்ணாக மாற்றி, கீழே சொல்லப்போகும் சதவீதக் கணக்கில் சேருங்கள்.

குறிப்பேடு

ஒவ்வொரு வரியும் ஒரு தேதிக்கு உரியது. அந்தத் தேதிக்கு ஏழு நாள் முன்பு என்ன சொன்னார்கள், ஐந்து நாள் முன்பு என்ன, மூன்று நாள் முன்பு என்ன, முந்தைய நாள் என்ன என்று நான்கு பத்திகள். ஐந்தாவது பத்தியில் நீங்கள் அளந்தது. தினமும் ஒரே நேரத்தில், உதாரணமாகக் காலை அளவெடுத்த கையோடு, செயலியின் முழுப் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நோட்டில் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் படத்தை அன்றே எடுத்தாக வேண்டும். செயலி பழைய கணிப்பை வைத்திருப்பதில்லை; புதிய கணிப்பு அதன் மேலேயே எழுதப்பட்டுவிடும். வெள்ளிக்கிழமை மழை என்று திங்கட்கிழமை சொன்னதை வியாழக்கிழமை மாற்றிக்கொண்டிருப்பார்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் "முன்பே சொன்னார்கள்" என்று நாம் நினைவில் வைத்திருப்போம்.

நாளின் எல்லை இன்னொரு பொறி. காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை நாம் அளக்கிறோம். செயலிகள் பெரும்பாலும் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை ஒரு நாள் என்று காட்டுகின்றன. புதன் விடியற்காலை மூன்று மணிக்குப் பெய்த மழை நம் கணக்கில் செவ்வாய் தொடங்கிய நாளுக்குப் போகும். செயலியின் கணக்கில் அது புதன் மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இரவில் பெய்யும்போது இந்தக் குழப்பம் ஒரு நல்ல கணிப்பைக் கெட்டதாகக் காட்டிவிடும். செயலியில் மூன்று மணி நேரக் கணிப்பு இருந்தால், 8.30 மணிக்கு நெருக்கமான கட்டங்களிலிருந்து கூட்டி நம் நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்திய வானிலைத் துறையின் நாள்வாரி எச்சரிக்கைகள் மறுநாள் காலை 8.30 வரை செல்லுபடியாகும் என்ற முறையிலேயே வெளிவருவதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

நான்கு கட்டங்களில் போட்டுப் பாருங்கள்

பருவம் முடிந்ததும் ஏழு, ஐந்து, மூன்று, ஒரு நாள் முன்பு சொன்னவற்றுக்குத் தனித்தனியே நான்கு எண்களை எடுங்கள்: மழை என்று சொல்லிப் பெய்தவை, மழை என்று சொல்லிப் பெய்யாதவை, இல்லை என்று சொல்லிப் பெய்தவை, இல்லை என்று சொல்லிப் பெய்யாதவை. கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 60 நாட்களில், மூன்று நாள் முன்பு சொன்ன கணிப்புகளில் இவை முறையே 24, 12, 6, 18 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரியானவை 24-உம் 18-உம் சேர்ந்து 42. 60-இல் 42 என்றால் 70 சதவீதம். மழை பெய்த 30 நாட்களில் 24 நாட்களை முன்கூட்டியே பிடித்திருக்கிறது. அது 80 சதவீதம். மழை என்று எச்சரித்த 36 முறைகளில் 12 முறை வீண் எச்சரிக்கை. மூன்றில் ஒரு பங்கு. இந்த மூன்று எண்களையும் ஒன்றாகக் குழைத்துவிடாதீர்கள். தார்ப்பாய் கைவசம் இருக்கும் சூளைக்காரருக்கு வீண் எச்சரிக்கையால் நட்டம் சிறிது, தவறிப்போன மழையால் நட்டம் பெரிது. அவர் 80 என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். மழையை எதிர்பார்த்து ஆள் கூப்பிட்டு நாற்று நடுபவருக்கு வீண் எச்சரிக்கைதான் கூலியைத் தின்னும். அவர் மூன்றில் ஒரு பங்கு என்பதைப் பார்க்க வேண்டும்.

ஒன்றும் தெரியாதவரோடு போட்டி

இந்தப் படியை விட்டுவிட்டால் முந்தைய உழைப்பெல்லாம் வீண். அமெரிக்காவில் 1884-இல் ஃபின்லி என்ற வானிலையாளர் சூறைச்சுழல் வருமா என்று 2,803 முன்னறிவிப்புகள் சொல்லி, 96.6 சதவீதம் சரி என்று கணக்குக் காட்டினார். எல்லா நாளும் "வராது" என்று சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் சரியாக வந்திருக்கும் என்று கில்பர்ட் என்பவர் சுட்டிக்காட்டினார். அரிதாக நடப்பதை முன்னறிவிக்கும்போது சரி சதவீதம் எதையும் சொல்வதில்லை. நம் ஊரிலும் பிப்ரவரி மாதத்தில் 28 நாட்களில் ஒரே நாள் பெய்தால், எப்போதும் "மழை இல்லை" என்று சொல்லும் சுவர்க் கடிகாரம்கூட 96 சதவீதம் வாங்கிவிடும்.

எனவே இரண்டு அறியா ஊகங்களை எதிராளியாக வையுங்கள். முதலாவது, பருவ வழக்கம்: அந்தப் பருவத்தில் எது அதிகமோ அதையே தினமும் சொல்வது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 60-இல் 30 நாள் மழை என்பதால் இது 50 சதவீதம் பெறும். இரண்டாவது, இன்றைய நிலை அப்படியே தொடரும் என்று சொல்வது. சாரல் பருவத்தில் இந்த இரண்டாவது ஊகம் மிகவும் வலிமையானது. மேற்குக் காற்று வேகமெடுத்தால் சாரல் பல நாள் தொடர்ந்து விழும், அடங்கினால் பல நாள் தொடர்ந்து வெயில் காயும். எடுத்துக்காட்டில் இந்த ஊகம் 60-இல் 40 நாள் சரி என்று வந்தால், கணிப்பு எட்டிய 42 அதைவிட இரண்டே நாள் கூடுதல். மீதமிருந்த 20 நாளில் இரண்டைத்தான் அது வென்றிருக்கிறது. பத்து சதவீதத் திறன். எழுபது சதவீதம் என்று கேட்டபோது இருந்த மதிப்பு இப்போது எங்கே போயிற்று என்று பாருங்கள்.

இதில் ஒரு நேர்மை விதி உண்டு. ஐந்து நாள் முன்பு சொன்ன கணிப்போடு போட்டியிடும்போது, அறியா ஊகமும் ஐந்து நாள் முந்தைய நிலையைத்தான் பயன்படுத்த வேண்டும். முந்தைய நாளின் மழையை எடுத்துக்கொண்டால் ஊகத்துக்கு நான்கு நாள் செய்தியை இலவசமாகக் கொடுத்ததாகிவிடும்.

கணிப்பு எத்தனையாவது நாளில் இந்த இரண்டு ஊகங்களில் நல்லதைவிட மேலே நிற்பதை நிறுத்துகிறதோ, அந்த நாள்தான் உங்கள் ஊருக்கு அந்தச் செயலியின் எல்லை. அதற்குப் பிறகு வரும் மழைப் படங்களை வைத்து வேலை திட்டமிட வேண்டியதில்லை.

சதவீதமாகச் சொன்னால்

"மழை வாய்ப்பு 70 சதவீதம்" என்பதை ஒரு நாளை வைத்துச் சரி, தவறு என்று சொல்ல முடியாது. ஐரோப்பிய மாடலை இயக்கும் மையம் தொடக்க நிலையைச் சற்றே மாற்றி 51 முறை கணிக்கிறது. இத்தகைய தொகுதிக் கணிப்பில் எத்தனை ஓட்டங்களில் மழை வந்தது என்பதே அந்தச் சதவீதத்தின் அடிப்படை. 60 முதல் 80 வரை சொன்ன எல்லா நாட்களையும் ஒன்றாகச் சேர்த்து, அவற்றில் எத்தனை நாள் பெய்தது என்று எண்ணுங்கள். ஏறத்தாழ பத்துக்கு ஏழு என்றால் அந்தச் சதவீதத்துக்கு மரியாதை உண்டு. பத்துக்கு நான்கு என்றால் செயலி மிகைப்படுத்துகிறது என்று தெரிந்துகொண்டு, நீங்களே குறைத்துப் படித்துக்கொள்ளலாம். மிகைப்படுத்துவது ஒரே சீராக இருக்கும் வரை அதுவும் பயன்படும் செயலிதான்.

ஒரே எண்ணாக வேண்டுமானால் 1950-இல் பிரையர் என்ற வானிலையாளர் தந்த கணக்கு இருக்கிறது. சொன்ன வாய்ப்பைத் தசமமாக எழுதி, பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0 என்பதோடு உள்ள வேறுபாட்டை அதே எண்ணால் பெருக்கிச் சராசரி எடுங்கள். 0.7 என்று சொல்லிப் பெய்தால் 0.09, பெய்யாவிட்டால் 0.49. தினமும் 0.5 என்று மழுப்பினால் 0.25. சராசரி குறையக் குறைய நல்லது. செயலி காட்டும் சதவீதம் ஒரு மணி நேரத்துக்கா, நாள் முழுவதற்குமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். இரண்டும் வேறு வேறு.

எதை முடிவாகக் கொள்ளலாம், எதைக் கூடாது

60 நாள் கணக்கில் 70 சதவீதம் என்று வந்தால், உண்மையான திறன் ஏறத்தாழ 58 முதல் 82 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அடுத்தடுத்த நாட்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் உண்மையில் இந்த இடைவெளி இன்னும் அகலம். எனவே ஒரு செயலி 70, மற்றது 66 என்று வந்ததை வைத்து ஒன்றை உயர்த்திப் பேசாதீர்கள். தென்மேற்கு, வடகிழக்குப் பருவங்களை ஒரே கணக்கில் கலக்கவும் கூடாது. ஆடிச் சாரலைக் கொண்டுவருவது மலையும் காற்றும். கார்த்திகை மழையைக் கொண்டுவருவது வங்கக் கடலில் நகரும் தாழ்வு நிலைகள். ஒன்றில் நன்றாகச் சொல்லும் மாடல் மற்றதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிசான நெல் அறுவடை நேரத்துக் கோடை மழை மூன்றாவது வகை. பிற்பகலில் திரண்டு ஒரு தெருவில் கொட்டி அடுத்த தெருவை விட்டுவிடும் அந்த இடிமழையின் இடத்தைப் பல நாள் முன்பு யாராலும் சொல்ல இயலாது.

முன்னறிவிப்புத் திறன் பத்தாண்டுக்கு ஒரு நாள் வீதம் முன்னேறியிருக்கிறது என்ற செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். அது உண்மை. ஆனால் அது வளிமண்டலத்தின் நடு உயரத்து அழுத்த அமைப்பை வைத்து அளந்த முன்னேற்றம். உங்கள் பாட்டிலில் விழும் மில்லி அளவை வைத்து அன்று. பெருமழையையும் இந்தக் குறிப்பேட்டால் சோதிக்க இயலாது. 2023 டிசம்பர் 18 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. அப்படிப்பட்ட நாள் ஒரு நோட்டில் ஒன்று வந்தாலே அரிது. ஒன்றை வைத்துத் திறன் கணக்கிட முடியாது. ஆகவே உங்கள் செயலி எத்தனை சதவீதம் வாங்கியிருந்தாலும், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் குற்றாலத்துக்கும் ஆற்றோரத்துக்கும் போவதா என்பதை இந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை. மாடல்கள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. இந்தியாவில் 12 கி.மீ. கட்டத்துக்குப் பதிலாக 6 கி.மீ. கட்டத்தில் இயங்கும் பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 2025 மே 26 அன்று தொடங்கப்பட்டது. இப்படிப்பட்ட மாற்றம் வந்தால் நோட்டில் அந்தத் தேதியில் ஒரு கோடு கிழித்து, அதற்குப் பிந்தைய நாட்களைத் தனிப் பட்டியலாகத் தொடங்குங்கள். மழைமானியும் அளக்கும் நேரமும் பழையபடியே இருக்கட்டும்.